லொறிச் செசியில படுக்கைப் பெட்டி ஏத்துறது: கேட்டதும் சொன்னதும்

கிளிநொச்சிப் பக்கம் லொறிக்குப் பொடி (பின் கூடு) அடிக்கிற பட்டறை ஒண்டில இருபது வருசத்துக்கு மேல நிக்கிறன். போன கிழமை, கழட்டி ஏத்தக்கூடிய படுக்கைப் பெட்டி (ஆக்கள் படுக்கிற சின்ன அறை) ஒண்டைக் கன்ரர் லொறியில பூட்டின படத்தைப் போட்டு, செசியில (லொறியின்ர அடியில இருக்கிற இரும்புச் சட்டம்) வெல்ட் அடிக்காதேங்கோ எண்டும் எழுதினதும் கேள்வி நிறைய வந்திட்டுது. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்ட இடத்தில ஒண்டை மட்டும் எடுத்திருக்கிறன்.

ஒட்டுசுட்டானில இருந்து ஒரு தம்பி: அண்ணை, எங்களிட்ட அறுவடை மெசின் ஒண்டு இருக்கு. காலபோகத்துக்கு எங்கட பக்கம் வெட்டிப்போட்டு மட்டக்களப்பு, அம்பாறை எண்டு போறனாங்கள். பொடியங்கள் வரம்பில தறப்பாள் கட்டித்தான் படுக்கிறாங்கள். பொடி கழட்டின கன்ரர் ஒண்டு வீட்டில நிக்குது. தகட்டில மொத்த நிறை (பாரத்தோட ஆகக்கூடின நிறை) 5500 கிலோ எண்டு கிடக்கு. பெட்டி என்ன நிறையில அடிக்கலாம்?

தம்பி, வெல்டரிட்டப் போக முதல் நெல் ஆலைத் தராசுக்குப் போங்கோ. ராங்கி நிறைய டீசல் அடிச்சு, ஆளில்லாமல் முழு லொறியையும் ஒருக்கா நிறுங்கோ. பிறகு முன் சில்லு மட்டும் தராசில நிக்க ஒருக்கா, பின் சில்லு மட்டும் நிக்க ஒருக்கா. இந்த மூண்டு எண்ணும் கையில இல்லாமல் ஒரு இரும்புத் துண்டும் வெட்டக்கூடாது.

கணக்குக்கு இப்பிடி வைப்பம். முழுசா 2400, முன்னுக்கு 1450, பின்னுக்கு 950. அப்ப 5500இல மிச்சம் 3100. பெட்டி 900, அது குந்துற தட்டும் அதுக்குக் கீழ அடிச்சட்டமும் 350, தண்ணி 300 லீற்றர் எண்டால் 300, சாவிப்பெட்டி (ஸ்பானர் வைக்கிற பெட்டி), பெல்ட், செயின், உதிரிச் சாமான் 400, ஒரு பரல் டீசல் 170. கூட்டினால் 2120. முன் கபினில மூண்டு பேர் 225. எல்லாம் ஏத்தினாப் பிறகும் 755 கிலோ கையிருப்பில நிக்குது. நல்லது. அந்த இடைவெளியை நிரப்பப் பாக்காதேங்கோ. கிரவல் றோட்டில குழிக்குள்ள விழேக்க ஸ்பிறிங் பட்டைக்கு அதுதான் மூச்சு விடுற இடம்.

மொத்த நிறையோட கணக்கு முடியேல்ல. அந்த 2120 எங்க குந்துது எண்டதுதான் பெரிய விசயம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 3350 மில்லிமீற்றர் எண்டு வைப்பம். பாரத்தின்ர நடுப்புள்ளி பின் அச்சுக்கு 400 மில்லிமீற்றர் முன்னால இருந்தால் 253 கிலோ முன் அச்சுக்குப் போகும், மிச்சம் 1867 பின்னுக்கு. அதே பாரம் பின் அச்சுக்கு 400 மில்லிமீற்றர் பின்னால போனால் முன்னுக்கு இருந்ததில 253 கிலோ தூக்கப்பட்டுப் போகும், பின்னுக்கு 2373 ஏறும். ஒரு கிலோ கூடக் கூட்டாமல் பின் அச்சுக்கு 500 கிலோவுக்கு மேல வித்தியாசம். ஸ்டியரிங் லேசாகிற லொறி ஏ9இல மாடு குறுக்க வந்தால் திருப்பின பக்கம் போகாது. ஆனபடியால் தண்ணித் தாங்கி, பற்றரி, சாவிப்பெட்டி எல்லாம் பின் அச்சுக்கு முன்னால. பின் நுனியில மெத்தையும் உடுப்பும் இருக்கட்டும். டீசல் பரல் பெட்டிக்கு வெளியில, தனிக் கூட்டில. படுக்கிற இடத்துக்குள்ள அது வேண்டாம்.

வவுனியாவில இருந்து ஒரு தம்பி: கனடாவில இருக்கிற மாமா அனுப்பின படத்தில கபினுக்கு மேல நீட்டிக்கொண்டு படுக்கை இருக்கு. அதே மாதிரி எல்ஃப் லொறிக்கு அடிக்கலாமோ?

வேண்டாம். மாமான்ர வாகனம் மூக்கு நீண்டது, பொனற்றைத் திறந்து இஞ்சினைப் பாக்கலாம். எல்ஃப், கன்ரர் எல்லாத்துக்கும் இஞ்சின் கபினுக்கு அடியில. ஒயில் கசிவு பாக்கிறதெண்டாலும் கபினை முன்னுக்குச் சரிக்க வேணும். சரிக்கேக்க கபின்ர பின் மேல்விளிம்பு மேல கிளம்பித்தான் முன்னுக்குப் போகும். மேல படுக்கை நீட்டியிருந்தால் அதில முட்டும். பெல்ட் ஒண்டு அறுந்தாலும் நடுறோட்டில பெட்டியை இறக்கித்தான் வேலை செய்ய வேண்டிவரும். படுக்கையைப் பெட்டிக்குள்ளேயே குறுக்காகப் போடுங்கோ. வேலை தொடங்க முதல் கபினைச் சரிச்சு, அது போற பாதையை நூல் பிடிச்சு அளந்து வையுங்கோ.

புதுக்குடியிருப்பில வெல்டிங் கடை வைத்திருக்கிற ஒருவர்: நாங்கள் வழமையா பொடிச் சட்டத்தைச் செசியோட வைச்சு வெல்ட் அடிக்கிறனாங்கள். ஒண்டும் நடக்கேல்ல. நீங்கள் ஏன் வெல்ட் வேண்டாம் எண்டு சொல்றியள்?

இதுக்குக் கொஞ்சம் நீளமாச் சொல்லத்தான் வேணும். பெட்டி வேலையின்ர உயிரே இதில இருக்கு.

லொறிச் செசி எண்டது ஏணி. இரண்டு நீளச் சட்டம், இடையில குறுக்குச் சட்டம். ஒரு சில்லு குழிக்குள்ள இறங்க, எதிர் மூலைச் சில்லு மேட்டில ஏற, அந்த ஏணி முறுக வேணும். முறுகிறதுக்கெண்டே அதைச் செய்திருக்கிறாங்கள். நீங்கள் அடிக்கிற மரப் பொடியும் அதோட சேர்ந்து முறுகும், அதாலதான் இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்ல. நாலு பக்கமும் மூடி, கூரையும் போட்ட பெட்டி முறுகாது. முறுகாத பெட்டியை முறுகிற ஏணியோட இறுக்கிக் கட்டினால் எது பலவீனமோ அது கிழியும். முதல்ல கதவு மூடாது, பிறகு கண்ணாடி மூலை வெடிக்கும், கடைசியில கபினுக்குப் பின்னால செசியில முடி மாதிரி ஒரு கோடு தெரியும்.

நான் செய்யிறது இது. பெட்டிக்குத் தனியா ஒரு அடிச்சட்டம். பின்னுக்கு இரண்டு இடத்தில அசையாமல் பூட்டுறது, முன்னுக்கு நடுவில ஒரே ஒரு சுழலி. மூண்டு காலில நிக்கிற முக்காலி மேடு பள்ளத்தில ஆடாது, அதே நியாயம்தான் இங்கயும். அவ்வளவு வேலை செய்ய வசதியில்லாட்டில் பின்னுக்கு இறுக்கிப் பூட்டி, முன் போல்ட்டுகளுக்குச் சுருள் ஸ்பிறிங் போட்டு விடலாம். செசி முறுகேக்க சட்டம் ஒரு அங்குலம் கிளம்பித் திரும்ப வந்து குந்தும்.

செசியின்ர மேல் கீழ் விளிம்பில துளையும் போடாதேங்கோ, வெல்டும் அடிக்காதேங்கோ. பாரத்தை இழுத்துப் பிடிக்கிறது அந்த விளிம்புதான். சூடு பட்ட இடத்தில இரும்பின்ர குணம் மாறும், துளை விழுந்த இடத்தில வெடிப்புத் தொடங்கும். அடிச்சட்டத்தைச் செசியோட பிடிக்க யூ போல்ட் போடுறதெண்டால் செசிச் சட்டத்தின்ர உள் வாய்க்குள்ள ஒரு தாங்கு கட்டை வையுங்கோ, இல்லாட்டில் இறுக்க இறுக்க விளிம்பு மடியும். சைலன்சர் போற பக்கம் மரக்கட்டை வேண்டாம், இரும்பு வையுங்கோ. பிறேக் குழாயும் வயரும் நசியாமல் கையால தடவிப் பாருங்கோ. அடிச்சட்டத்தின்ர முன் நுனியைச் சதுரமா வெட்டாமல் சரிவா வெட்டுங்கோ. சதுர நுனி செசியை ஒரே கோட்டில உளி மாதிரிக் குத்திக்கொண்டிருக்கும்.

லொறியில வேற எங்கயாவது வெல்ட் அடிக்கிறதெண்டால் பற்றரி மைனசைக் கழட்டி, புது வாகனமெண்டால் இஞ்சின் கொம்பியூட்டர் பிளக்கையும் இழுத்து வைச்சிட்டு, ஏர்த் கிளிப்பை வெல்ட் அடிக்கிற இடத்துக்குக் கிட்டப் போடுங்கோ.

ரொறன்ரோவில இருந்து ஒரு அண்ணை (சொந்த இடம் மல்லாவி): என்னட்ட ஃபோர்ட் எஃப்-550 செசி கப் (கபினும் செசியும் மட்டும் வாற லொறி) இருக்கு. பின்னுக்குத் தட்டைப் பொடி. பிக்கப்புக்கெண்டு செய்த கம்பரை (படுக்கைப் பெட்டி) அதில ஏத்தினால் இரண்டு பக்கமும் அடியில வெறும் இடமா இருக்கு. கட்டுறதுக்கும் சரியான இடமில்லை.

அண்ணை, அந்தக் கம்பரின்ர அடிப்பகுதி பிக்கப் தொட்டிக்குள்ள, சில்லு மூடிகளுக்கு நடுவில இறங்கிறதுக்காக ஒடுக்கமாச் செய்தது. தட்டைப் பொடியில ஏத்தினால் இரண்டு பக்கமும் வெறுமை விழத்தான் செய்யும். அதைக் குறையா நினைக்காதேங்கோ. இரண்டு பக்கமும் நீளச் சாவிப்பெட்டி வையுங்கோ, தண்ணிக் குழாய், சங்கிலி, கட்டை எல்லாம் பதிவா இருக்கும், கம்பரும் பக்கவாட்டில நகராது. ஆனால் கம்பரின்ர பாரம் அந்தப் பெட்டிகளில குந்தக்கூடாது.

கட்டுறதுக்குப் பிக்கப்புக்கு விக்கிற கொளுவிகள் உங்கட சட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். தட்டின்ர குறுக்குச் சட்டத்திலயே நாலு கண்ணி வைச்சு, ஸ்பிறிங் உள்ள ரேர்ன்பக்கிளால (திருகி இறுக்கிற கொளுவி) இறுக்குங்கோ. முன் இரண்டும் முன்பக்கம் சரிவா, பின் இரண்டும் பின்பக்கம் சரிவா இழுக்க வேணும். தட்டு மரப்பலகை எண்டால் பலகையில கண்ணி பூட்டாதேங்கோ. அந்த வகை வாகனத்தின்ர மொத்த நிறை பொதுவா 19,500 இறாத்தல், ஏறக்குறைய 8,850 கிலோ. பாரம் தாங்கும். ஆனால் தட்டு பிக்கப் தொட்டியை விட உயரம், கம்பரும் அவ்வளவுக்கு மேல போகும், வளைவில சாய்வு கூடும். கம்பரின்ர பக்கத்தில நடுப்புள்ளி அடையாளம் ஒண்டு ஒட்டியிருக்கும், அது பின் அச்சுக்கு முன்னால வரவேணும்.

முல்லைத்தீவில இருந்து: மீன் ஏத்தின லொறி ஒண்டு மலிவா வருது. எடுக்கலாமோ?

சுத்தியலோட போங்கோ. ஐஸ் உருகின உப்புத் தண்ணி வருசக்கணக்கா ஒழுகின செசி அது. வெளியில பெயின்ற் பளபளக்கும். இரட்டைத் தகடு சேர்ற இடம், ஸ்பிறிங் பூட்டின இடம், குறுக்குச் சட்டம் ஒட்டுற இடம் மூண்டையும் தட்டிப் பாருங்கோ. நல்ல இரும்பு கணீர் எண்டும், உளுத்தது பொத்தெண்டும். தகடுகளுக்கு இடையில துரு வீங்கி விளிம்பு அலை அலையா நிண்டால் விட்டிட்டு வாங்கோ. 2020இல வாகன இறக்குமதி நிண்டாப் பிறகு பழைய செசிக்கெல்லாம் பொன் விலை சொல்லப் பழகிட்டினம். விலையைக் கேட்டு அவசரப்படாதேங்கோ.

பூநகரியில இருந்து: தட்டுக்குப் பாலைப் பலகை போடலாம் எண்டு இருக்கிறன். வீட்டில அறுத்தது கிடக்கு. ரயர் 7.00-16, மாத்த வேணுமோ?

பாலை அருமையான மரம், ஆனால் கல்லு மாதிரி நிறை. 14 அடிக்கு 6 அடித் தட்டுக்கு ஒரு அங்குலப் பலகை போட்டால் 200 கிலோவுக்குக் கிட்ட வரும். 4 மில்லிமீற்றர் இரும்புத் தகடு 245 கிலோ. அதே தடிப்பில அலுமினியம் 85 கிலோ, 18 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை 90 கிலோ அளவில. நான் ஒட்டுப்பலகையைத்தான் போடுவன், விளிம்பெல்லாம் பெயின்ற் குடிக்க விட்டு. உங்கட பாலையை, பெட்டியைத் தூக்கி நிப்பாட்டிற ஜக் காலுக்கு அடியில வைக்கிற கட்டையா வெட்டி வையுங்கோ. மாரி மண்ணில அது இல்லாட்டில் கால் புதைஞ்சு பெட்டி சரியும்.

ரயர் பக்கத்தில 114/112 மாதிரி எண் இருக்கும். 114 எண்டால் தனிச் சில்லுக்கு 1180 கிலோ, 112 எண்டால் இரட்டைச் சில்லில ஒவ்வொண்டுக்கும் 1120. தராசு சொன்னதோட ஒத்துப் பாருங்கோ. நாலு இலக்கத் திகதியும் இருக்கும், 2319 எண்டால் 2019ஆம் ஆண்டு 23ஆம் கிழமை. படுக்கைப் பெட்டி லொறி ஓடுறதை விட நிக்கிறதுதான் கூட, அதால பூ தேயாமலே ரயர் வெடிச்சுக் காயும். காத்து விடியக் காலமை, ஓட முதல் பாருங்கோ. இரட்டைச் சில்லில உள் ரயரை ஒருத்தரும் பாக்கிறேல்ல. அது இறங்கினால் வெளி ரயர் இரண்டு பேரின்ர பாரத்தையும் சுமந்து சூடாகி வெடிக்கும்.

வவுனியாவில வயரிங் வேலை செய்யிற தங்கச்சி: பெட்டிக்குள்ள விளக்கு, காத்தாடி எல்லாம் 12 வோல்ட். லொறி 24. ஒரு பற்றரியில இருந்து 12 எடுத்தால் என்ன?

எடுக்காதேங்கோ தங்கச்சி. இரண்டு பற்றரியும் தொடரா நிக்குது, சார்ஜ் ஒரே அளவில போகும். ஒண்டில மட்டும் எடுத்தால் அது எப்பவும் அரைகுறையா நிக்கும், மற்றது கூடச் சார்ஜாகிக் கொதிக்கும். ஒரு மாரி முடிய முதல் இரண்டும் போயிடும். பெட்டிக்குத் தனி பற்றரி, கூரையில சோலர், லொறியில இருந்து வேணுமெண்டால் 24இல இருந்து 12க்கு இறக்கிற சார்ஜர். 100 அம்பியர் மணி லிதியம் பற்றரி ஏறக்குறைய 1280 வாற் மணி தரும், நிறை 12 கிலோ அளவில. அதே அளவு அசிற் பற்றரி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல நிறை, நெடுநாள் உழைக்க வேணுமெண்டால் அரைவாசிதான் எடுக்கலாம். பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இருக்க வேணும், விளக்குக்குக் கிட்ட இல்லை.

கிளிநொச்சியில இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: 2008, 2009இல லொறித் தட்டில தறப்பாள் கட்டி இடம் இடமாப் போனோம். இப்ப பேரப்பிள்ளைகள் மடுத் திருவிழாவுக்கு லொறியில படுத்துப் போக ஆசைப்படுகினம். எனக்கு அந்த வெக்கைதான் ஞாபகம் வருது. சின்னதுகள் உள்ள இருந்து வரலாமோ?

ஐயா, நானும் அப்பிடி ஒரு தட்டில படுத்தவன். உங்கட கேள்வியை வாசிச்சிட்டுக் கன நேரம் பதில் எழுத முடியேல்ல.

ஓடேக்க ஒருத்தரும் பெட்டிக்குள்ள இருக்கக்கூடாது, சின்னதுகள் எண்டால் சொல்லவே வேண்டாம். அவையளை பஸ்ஸில அல்லது வானில கூட்டிக்கொண்டு போங்கோ, லொறி முன்னுக்குப் போய் மர நிழலில நிக்கட்டும். படுக்கிறது நிண்ட இடத்தில.

ஆவணி வெக்கைக்கு மேல இரட்டைக் கூரை போடுங்கோ. வெளிக் கூரைக்கும் உள் கூரைக்கும் இரண்டு அங்குலம் காத்து ஓட விட்டு, உள் கூரைக்கு ரெஜிபோம் (வெக்கை தடுக்கிற நுரைப்பலகை), வெளிக்கு வெள்ளைப் பெயின்ற். எதிர் எதிராப் பெரிய ஜன்னல், நுளம்பு வலையோட. தறப்பாளுக்குக் கீழ வெக்கை நிண்டதுக்குக் காத்துக்கு வெளியேற வழி இல்லாததும் ஒரு காரணம். காஸ் அடுப்பு உள்ள எண்டால் அடியிலயும் மேலயும் மூடாத துவாரம் வேணும், காஸ் கனத்தது, கீழதான் தங்கும். ஜெனரேற்றரை பெட்டிக்குக் கிட்ட வைச்சிட்டு நித்திரை கொள்ள வேண்டாம், அந்தப் புகையில மணமில்லாத விசம் இருக்கு. உள்ளுக்க இருந்தே திறக்கிற கதவு இரண்டு பக்கத்திலயும் வையுங்கோ ஐயா.

நெடுங்கேணியில இருந்து: பதிவுப் புத்தகத்தில மாத்த வேணுமோ?

பொடி வகை மாறுதெண்டால் மாத்த வேணும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின்ர மாவட்ட அலுவலகத்தில, வேலை தொடங்க முதல், வரைபடத்தோட போய்க் கேளுங்கோ. காப்புறுதிக் கொம்பனிக்கும் எழுத்தில அறிவியுங்கோ.

மாங்குளத்தில இருந்து: எல்லாம் பூட்டி முடிஞ்சுது அண்ணை. நாளைக்கு ஓடலாமோ?

முதல்ல பெட்டி ஏத்தின லொறியைத் திரும்பத் தராசில வையுங்கோ, தண்ணி நிறைய விட்டு. பிறகு ஒட்டுசுட்டான் வரைக்கும் போய், எல்லா யூ போல்ட்டையும் ரேர்ன்பக்கிளையும் இறுக்குங்கோ. திரும்ப வந்து ஒருக்கா, 500 கிலோமீற்றரில ஒருக்கா. ஒவ்வொரு நட்டுக்கும் குறுக்க பெயின்றால ஒரு கோடு கீறி விடுங்கோ, கோடு விலகியிருந்தால் நட் கழருது எண்டு அர்த்தம். காலமை சில்லைத் தட்டிப் பாக்கேக்க அதையும் பாத்திடலாம்.