சொல்தா அப்பாவுக்கு இங்கே வரி உண்டா?

கேள்வி: என் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் 15 வருடம் இருந்தவர், பிரெஞ்சுக் குடிமகன். அம்மா போனபிறகு ஆறு வருடமாக முத்தியால்பேட்டையில் எங்களோடுதான் இருக்கிறார். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டை உண்டு. ராணுவ பென்ஷன் வருகிறது, பிரான்சில் லிவ்ரே ஆ சேமிப்புக் கணக்கும் இருக்கிறது. "பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்கு இங்கே ஏது வரி?" என்கிறார் சித்தப்பா. சரிதானா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: சித்தப்பா சொல்வதை நம் ஊரில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன் அம்மா. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். வரிக்கு நாள் கணக்குதான் முக்கியம். ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குள் 182 நாள் இங்கே இருந்தாலே, எந்த நாட்டுக் குடிமகனானாலும் அந்த வருடம் இங்கே வசிப்பவர்தான். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து தங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டு வருமானத்தில் சலுகை உண்டு. அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்.

பென்ஷனைப் பற்றிக் கவலை வேண்டாம். 1992-இல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி, பிரெஞ்சு அரசு தரும் ராணுவ பென்ஷனுக்குப் பிரான்சு மட்டும்தான் வரி போடலாம். இந்தியக் குடியுரிமை இருந்தால்தான் இது மாறும். ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. ஆனாலும் வருமான வரிக் கணக்குக்கான ஐடிஆர்-2 படிவத்தில், விலக்கு பெற்ற வருமானம் என்று அதைக் காட்டிவிடுங்கள்.

என் கவலையெல்லாம் அந்த லிவ்ரே ஆ மேல்தான். போன ஜூலையில் ஒரு பெரியவர் மஞ்சள் பையில் நான்கு பாஸ்போர்ட்டோடு வந்தார், இரண்டு மூலை வெட்டியவை. முத்திரைகளைப் பார்த்துப் பென்சிலால் நாள் எண்ணி முடித்த பிறகுதான், "அது வரியில்லாத கணக்குதானே தம்பி, எதற்குச் சொல்வானேன்" என்று லிவ்ரே ஆ பேச்சை எடுத்தார். அங்கே வட்டிக்கு வரி இல்லை என்பது உண்மை. இங்கே உண்டு.

வட்டி சிறிய தொகையாக இருந்தால் வரியே வராமல் போகலாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் கணக்கு வைத்திருப்பவர் ஒரு ரூபாய் வரி வராவிட்டாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தே ஆகவேண்டும், வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அந்தக் கணக்கைக் காட்டவும் வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டு கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். வீடு, மனை நீங்கலாக வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. லிவ்ரே ஆவில் போடக்கூடிய உச்சவரம்பு 22,950 யூரோ. அது நிரம்பியிருந்தால், யூரோ 90 ரூபாய் என்று வைத்தாலே 20 லட்சத்தைத் தாண்டிவிடும்! வங்கிகள் தரும் தகவலை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன, அதனால் தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

விட்டுப்போன வருடங்களுக்கும் கூடுதல் வரியோடு புதுப்பித்த கணக்கு (அப்டேட்டட் ரிட்டர்ன்) போட வழி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு, முடிந்து 48 மாதம் வரை அவகாசம். ஒரு நல்ல ஆடிட்டரிடம் இந்த மாதமே போங்கள். போகும்போது பிரெஞ்சு வங்கியிடம் டிசம்பர் 31 அன்றைய இருப்பும், வருடத்தில் அதிகபட்சம் இருந்த தொகையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.