நொகுச்சி மைக் முன் நின்றது சரியா?

வணக்கம்.

டாக்டர் தாமஸ் நொகுச்சியைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நடிகை மர்லின் மன்றோ, அரசியல்வாதி ராபர்ட் கென்னடி, நடிகை நடாலி வுட் என்று பிரபலங்களின் பிரேதப் பரிசோதனைகளாலேயே பிரபலமானவர் அவர். இறந்தவர் எவ்வளவு குடித்திருந்தார் என்று பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொல்வது ஒரு மருத்துவரின் வேலையா? அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கக் கூடாதா? கடைசியில் பதவியிறக்கம் செய்யப்பட்டவரை நீங்கள் இவ்வளவு மெச்சுவது எனக்குப் பிடிபடவில்லை.

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

பத்திரிகையாளர் விஷயத்தில் உங்களோடு பாதி வழி வருகிறேன். ஆனால் ஒதுங்கியிருந்திருக்கலாமே என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு மன்றோ நினைவுக்கு வருகிறார்.

1962 ஆகஸ்ட் 5 அன்று அந்த உடல் அவர் மேசைக்கு வந்தபோது, நொகுச்சிக்கு வயது 35. ஜப்பானில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் மரண விசாரணை அலுவலகத்தில் சேர்ந்தது அதற்கு முந்தைய ஆண்டுதான். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து ஊசித் தடம் தேடினார், அகப்படவில்லை. ரத்தத்திலும் கல்லீரலிலும் தூக்க மருந்து உயிரைப் பறிக்கும் அளவுக்கு இருந்தது. அதுவே போதும் என்று நச்சுப் பரிசோதனைக் கூடத்தார் நிறுத்திக்கொண்டார்கள். இரைப்பையையும் குடலையும் அவர்கள் சோதிக்கவில்லை. பிறகு நொகுச்சி கேட்டபோது மாதிரிகள் அப்புறப்படுத்தப்பட்டிருந்தன. அப்போதே வற்புறுத்தாமல் விட்டதற்கு அவர் பின்னாளில் வருந்தினார். ‘அநேகமாகத் தற்கொலை’ என்று அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரி அறிவித்தார். கொலைக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 1982இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மறுபடி ஆராய்ந்து சொன்னது. யார் கேட்டார்கள்? சோதிக்காமல் விட்ட அந்தக் குடலை வைத்து இன்றுவரை சதிக்கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்தபோது நொகுச்சி தலைமை அதிகாரியாகிவிட்டிருந்தார். அண்ணன் ஜான் கென்னடியின் உடலை டாலஸிலிருந்து அவசரமாகக் கொண்டுபோய்க் கடற்படை மருத்துவமனையில் அரைகுறையாக ஆராய்ந்ததால் எழுந்த சந்தேகங்கள் அவருக்குத் தெரியும். அதனால் ராணுவ நோயியல் வல்லுநர்களைப் பார்வையாளர்களாக அழைத்து, ஏறக்குறைய ஆறு மணி நேரம் பரிசோதனை செய்தார். உயிரைக் குடித்த குண்டு வலது காதுக்குப் பின்னால் நுழைந்திருந்தது. காயத்தைச் சுற்றிப் படிந்திருந்த வெடிமருந்துத் துகள்களைக் கொண்டு தூரத்தைக் கணிக்க, பன்றிக் காதுகளின் மேல் சுட்டுப் பார்த்தார்கள். துப்பாக்கி முனை காது விளிம்பிலிருந்து சுமார் ஓர் அங்குலத் தொலைவில் இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. சாட்சிகளோ, சுட்டதற்காகப் பிடிபட்ட சிர்ஹான் சில அடி தூரத்தில், முன்பக்கமாக நின்றதாகச் சொன்னார்கள். அரசுத் தரப்புக்குச் சங்கடமான முடிவு இது. நொகுச்சி அதை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டாவது ஆள் ஒருவர் சுட்டார் என்று அவர் சொன்னதில்லை. அப்படி யாரும் இல்லவே இல்லை என்று சொல்லவும் மறுத்துவிட்டார். நான் அவரை மெச்சுவது இந்தப் பிடிவாதத்துக்காகத்தான்.

பதவியிறக்கத்தைச் சொல்லிக் காட்டுகிறீர்கள். 1969இல் ஒரு தடவை வேலையை விட்டே நீக்கினார்கள். பெரிய விபத்து ஏதும் நடக்காதா என்று ஏங்கினார் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள். ஜப்பானிய அமெரிக்கர்கள் அவருக்காகத் திரண்டார்கள். விசாரணையில் எதுவும் நிற்கவில்லை. ஜூலை இறுதியில் பதவி திரும்பக் கிடைத்தது. அடுத்த மாதமே நடிகை ஷரோன் டேட் வீட்டுக் கொலைகள் அவர் மேசைக்கு வந்தன!

இனி உங்கள் மைக்குக்கு வருவோம். 1981 நவம்பரில் நடிகர் வில்லியம் ஹோல்டன் தம் வீட்டில் இறந்து கிடந்தார். மேசை முனையில் நெற்றி அடிபட்டு, ரத்தம் போய் இறந்திருந்தார், நன்றாகக் குடித்திருந்தார். இதைச் சொன்னதற்காக ஹாலிவுட் நொகுச்சி மீது பாய்ந்தது. எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. குடிக்காதிருந்தால் ரத்தம் நிற்கவில்லை என்று உணர்ந்து தொலைபேசியை எடுத்திருப்பார். அந்த மரணத்தில் மதுவை மறைத்துவிட்டு வேறு எதைக் காரணமாகச் சொல்வது?

அதே மாதக் கடைசியில் கேட்டலினா தீவருகே கடலில் நடாலி வுட்டின் உடல் கிடைத்தது. ரத்தத்தில் மது 0.14 சதவீதம் என்று நொகுச்சி சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நடாலி வந்திருந்த படகில் இருந்த ஆண்களுக்குள் அன்றிரவு வாக்குவாதம் நடந்ததையும் சேர்த்துப் பேசினார். வாக்குவாதம் எந்தப் பிரேதத்திலும் பதிவாவதில்லை. அதைச் சொல்லவேண்டியது போலீஸ். 1982இல் கவுண்டி நிர்வாகம் அவரைப் பதவியிறக்கியபோது, மரணங்களைப் பரபரப்பாக்கினார் என்பதும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. இந்த இடத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி.

ஆனால் 2012இல் அதே அலுவலகம் நடாலியின் மரணக் காரணத்தை ‘நீரில் மூழ்கியதும் தீர்மானிக்கப்படாத பிற காரணிகளும்’ என்று திருத்தியது. தண்ணீரில் விழுவதற்கு முன்பே ஏற்பட்டிருக்கக்கூடிய கன்றிப்போன காயங்கள் அதற்கு ஒரு காரணம். அந்தக் காயங்கள் 1981 அறிக்கையிலேயே இருக்கின்றன. வாக்குவாதத்தை விட்டுவிட்டு அவற்றைப் பற்றித்தான் மைக் முன் அவர் இன்னும் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

அன்புடன்.