சீட்டும் மருந்தும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சிட்னியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். போன மாதம் லீவு நாளில் ஹைட் பார்க் பாரக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். கைதிகள் படுத்த தூளிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பலகைத் தரைக்கு அடியில் எலிகள் இழுத்துச் சேர்த்துவைத்த துணிக் கிழிசல்கள்கூட இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து இவர்களை ஏற்றிவந்த கப்பல்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. கப்பல்களில் டாக்டர் இருந்திருக்கிறார். ஆனாலும் அந்தக் காலத்து மருத்துவம் அவ்வளவுதானே, யாரைக் குற்றம் சொல்ல முடியும்? நெடுங்கடல் பயணத்தில் வருகிற ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாறு போதும் என்பது அப்போதே தெரியுமா? நம் ஆட்கள் யாரையாவது இப்படிக் கப்பலேற்றினார்களா? இதை நாவலாக எழுத ஆசை இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

அன்புடன்,
முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

என் பெரியப்பா போன ஆடியில் தவறிப்போனார். ஒரு மத்தியச் சிறையின் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒழித்துவைத்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். எலுமிச்சை விஷயம் தெரியும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை வைத்தியர் 1747லேயே சாலிஸ்பரி என்ற கப்பலில் கொடுத்துப் பார்த்துவிட்டார். பிரிட்டிஷ் கடற்படை அதை ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியது 1795ல். நம் ஆட்கள் விஷயமும் உண்டு. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு ஏற்றினார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அதில் ஒருவன், பதினைந்து வயசுப் பிள்ளை. 1825ல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திறங்கிய முதல் கைதிகள் மதராஸ்காரர்கள். அதெல்லாம் தனிக்கதை, இன்னொரு நாள் பேசலாம்.

‘அந்தக் காலத்து மருத்துவம் அவ்வளவுதானே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்கு வருகிறேன். வேறு யாராவது எழுதியிருந்தால் விட்டிருப்பேன். ஒரு நர்ஸ் எழுதலாமா தம்பி? காலத்தின் தலையில் பழியைக் கட்டிவிட்டால் அப்புறம் எந்த மனுஷனையும் விசாரிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வாக்கியம் எல்லோருக்கும் இவ்வளவு பிடித்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 1787 மே மாதம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதல் அணிக் கைதிக் கப்பல்கள் பதினொன்று கிளம்பின. ஏறத்தாழ 1,400 பேர், எட்டு மாதப் பயணம். இறந்தவர்கள் 48 பேர். பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு தனியாக வந்த லேடி ஜூலியானா 1789 ஜூலையில் கிளம்பி அடுத்த வருடம் ஜூனில் சேர்ந்தது. பத்து மாதத்துக்கு மேல். இருநூறு பெண்களுக்கு மேல், இறந்தது ஐந்து பேர். அதே 1790 ஜூன் கடைசியில் இரண்டாம் அணியின் மூன்று கப்பல்கள் சிட்னிக்கு வந்தன: நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ. ஏறியவர்கள் சுமார் 1,000 பேர். வழியில் செத்தவர்கள் 267. நெப்டியூனில் மட்டும் 158. உயிரோடு இறங்கியவர்களிலும் பாதிக்கு மேல் நோயாளிகள்.

அதே கடல். அதே மருத்துவம். அதே லண்டனில் படித்த வைத்தியர்கள். இடையில் இருப்பது மூன்றே வருடம். இப்போது சொல்லுங்கள், காலமா கொன்றது?

மாறியது ஒப்பந்தம். முதல் அணிக்கும் லேடி ஜூலியானாவுக்கும் ஒப்பந்தக்காரர் வில்லியம் ரிச்சர்ட்ஸ். இரண்டாம் அணியை எடுத்தது கேம்டன், கால்வர்ட் அண்ட் கிங் என்ற கம்பெனி. அடிமை வியாபாரத்தில் பழுத்த கை. ஆளுக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஏற்றிய தலைக்குத்தான் கூலி, இறக்கிய தலைக்கு இல்லை. ஒருவன் செத்தால் அவனுக்கான மாவும் இறைச்சியும் மிச்சம். மிச்சம் பிடித்ததைச் சிட்னியில் இறங்கியதும் கடைபோட்டு விற்றார்கள்.

அந்த அணியில் சர்ப்ரைஸ் கப்பலில் வந்த ராணுவ அதிகாரி கேப்டன் வில்லியம் ஹில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அடிமைக் கப்பல் விலங்குகளைத்தான் இவர்களுக்கும் போட்டிருக்கிறார்கள். சங்கிலிகூடக் கிடையாது, இரண்டு கணுக்காலுக்கும் நடுவே முக்கால் அடிக் கம்பி. கப்பல் ஆடும்போது காலை அகட்டி ஊன்ற முடியாது. தண்ணீர் உள்ளே புகுந்தால் இடுப்பளவு நீரில் அப்படியே கிடக்க வேண்டும். இதோடு பார்த்தால் அடிமை வியாபாரம் இரக்கமுள்ளது என்கிறார் ஹில். அடிமை செத்தால் முதலாளிக்கு நஷ்டம், இங்கே செத்தால் லாபம். பக்கத்தில் படுத்திருந்தவன் செத்தால் வெளியே சொல்லாமல் பிணத்தோடு கிடந்து அவன் பங்குச் சோற்றையும் வாங்கித் தின்றவர்கள் உண்டு. கப்பல் கரைசேர்ந்ததும் பாதிரியார் ரிச்சர்ட் ஜான்சன் சர்ப்ரைஸின் கீழ்த்தட்டுக்குள் போய்ப் பார்த்தார். நெப்டியூனில் இறங்கக்கூட முடியவில்லை, அவ்வளவு நாற்றம். பீப்பாயைத் தூக்குவதுபோல ஆட்களைக் கட்டி இறக்கினார்கள். வெளிக்காற்று பட்டதும் சிலர் செத்தார்கள்.

எல்லாக் கப்பலிலும் வைத்தியர் இருந்தார் தம்பி. அவர் யாரிடம் சம்பளம் வாங்கினார்? அவருக்கு மேலே யார்? மூன்று கப்பலுக்கும் சேர்த்து அரசாங்கத்தின் ஆளாக ஒரே ஒரு கடற்படை அதிகாரி வந்தார். அவரும் வழியில் செத்துப்போனார். நெப்டியூன் கேப்டன் டொனால்ட் டிரெயில் மேல் 1792ல் லண்டனில் கொலை வழக்கு நடந்தது. விடுதலை. அதற்குள் அதே கம்பெனிக்கு மூன்றாம் அணியின் ஒப்பந்தமும் கிடைத்து, கப்பல்கள் வந்தும் சேர்ந்துவிட்டன. எரிச்சலாக இருக்கிறதில்லையா? இருக்கட்டும்.

முதல் அணியில் அலெக்சாண்டர் என்று ஒரு கப்பல். 1787 ஜூலையில் அதில் திடீரென்று நோய் கூடியது. தலைமை வைத்தியர் ஜான் வைட் போய்ப் பார்த்தார். அடித்தட்டில் தேங்கிய அழுக்குநீரை யாரும் இறைத்துக் கொட்டவில்லை. அது ஏறி ஏறி, அந்த ஆவியில் அறைச் சுவர்ப் பலகைகளும் அதிகாரிகளின் சட்டைப் பித்தான்களும் கறுத்துப்போயிருந்தன. மூடியைத் திறந்தால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வைட் என்ன மருந்து கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? மருந்தே இல்லை. நேராகத் தளபதி ஆர்தர் பிலிப்பிடம் போனார். பிலிப் உடனே ஆளனுப்பி நீரை இறைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். நோய் இறங்கியது. நான் மல்லுக்கட்டிச் சொல்லவருவது இதைத்தான். வைட்டிடம் இருந்த ஒரே நல்ல மருந்து, பிலிப் அவர் பேச்சைக் கேட்டார் என்பது.

என் பெரியப்பா இதையே வேறு மாதிரி சொல்வார். “சீட்டு எழுதுதது டாக்டருலே. அதை மருந்தா ஆக்குதது சூப்பிரண்டு கையெழுத்து.”

அவர் வேலை பார்த்த சிறை ஆஸ்பத்திரியில் எட்டுக் கட்டில். ஒருநாள் சாயங்காலம் வயசான கைதி ஒருத்தர், தேங்காய்த் திருட்டுக் கேஸ், நெஞ்சு வலி என்று உட்கார்ந்துவிட்டார். “நடிக்கான்” என்றார் வார்டர். டாக்டர் நல்ல மனுஷன், நடிப்பில்லை என்று பார்த்ததும் தெரிந்துகொண்டார். உடனே வெளியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி எழுதினார். எழுதியாயிற்று. வழிக்காவலுக்குப் போலீஸ் வேண்டும். ஆள் இல்லை, காலையில் வரும் என்றார்கள். பெரியப்பா ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. காலையில் போலீஸ் வந்தபோது அந்தக் கிழவருக்கு வழிக்காவல் தேவைப்படவில்லை. டாக்டர் எழுதிய சீட்டு மேஜைமேல் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்ததாம். பெரியப்பா இதை என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் எண்பது வயசுக்கு மேலே. அவ்வளவு நேரமும் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

நீங்கள் நாவல் எழுதப்போவதாக இருந்தால் வில்லியம் ரெட்ஃபெர்னைப் படியுங்கள். கடற்படையில் வைத்தியரின் உதவியாளராக இருந்த இளைஞன். 1797ல் நோர் என்ற இடத்தில் மாலுமிகள் கலகம் செய்தபோது, “நீங்கள் இன்னும் ஒற்றுமையாக இருங்கள்” என்று சொன்னதற்காக மரண தண்டனை. வயசைப் பார்த்துக் குறைத்தார்கள். நாலு வருடம் ஜெயில், பிறகு 1801ல் கைதிக் கப்பலில் சிட்னி. வந்த கப்பலிலேயே வைத்தியருக்கு ஒத்தாசை செய்திருக்கிறார். மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் கையில் சான்றிதழ் ஒன்றும் இல்லை. 1808ல் உள்ளூர் வைத்தியர்கள் மூன்று பேர் உட்கார்ந்து பரீட்சை வைத்துத் தேர்ச்சி கொடுத்தார்கள்.

1814ல் மூன்று கப்பல்கள் அடுத்தடுத்து வந்தன. ஜெனரல் ஹெவிட் என்ற கப்பலில் 34 கைதிகள் சாவு. சர்ரியில் டைஃபஸ் காய்ச்சல். 36 கைதிகள் போக, கேப்டனும் அதிகாரிகளும் செத்து, கப்பலை ஓட்டவே ஆளில்லை. கடலில் எதிர்ப்பட்ட இன்னொரு கப்பலிலிருந்து ஒரு மாலுமி, தானாக முன்வந்து அந்தக் காய்ச்சல் கப்பலில் ஏறி, துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான். கவர்னர் மக்குவாரி, ரெட்ஃபெர்னை விசாரித்து எழுதச் சொன்னார். அந்த அறிக்கையில் மருந்துப் பேச்சு கொஞ்சம்தான். தட்டுகளைக் கழுவு, புகை போடு, காற்று வரவிடு, கைதிகளைத் தினமும் மேல்தட்டுக்கு விடு, பங்குச் சோற்றை முழுசாகக் கொடு. வைத்தியர்களைப் பற்றித்தான் கடுமையாக எழுதினார். இதுவரை வந்தவர்கள் ஒன்று படிப்பை முடித்த கையோடு வந்த பையன்கள், இல்லையென்றால் தொழிலில் தேறாதவர்கள். கப்பல் கேப்டனை எதிர்த்து வாய்திறக்க மாட்டார்கள். ஆகவே அதிகாரத்தோடு ஒரு கடற்படை வைத்தியரைப் போடுங்கள் என்றார்.

லண்டன் கேட்டுக்கொண்டது. 1815 முதல் கைதிக் கப்பல்களில் கண்காணிப்பு வைத்தியர் என்று ஒருவர் ஏறினார். கேப்டனின் சம்பளக்காரர் இல்லை, அரசாங்கத்தின் ஆள். தினசரி நாட்குறிப்பு எழுதி ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. அந்த வைத்தியர்கள் செய்த வைத்தியத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பகீரென்றிருக்கும். ரத்தம் எடுப்பது, கொப்புளம் கிளப்புவது, பாதரச உப்பைக் கொடுப்பது. இத்தனையையும் தாங்கிக்கொண்டு நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் உயிரோடு இறங்கினார்கள். படுக்கை வெயிலில் காய்ந்தது, சோறு முழுசாக வந்தது, அவ்வளவுதான். அதற்காக அந்த வைத்தியர்களைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். சவுக்கடிக்கு உத்தரவு போட்டதும் அதே கைதான்.

இத்தனை உயிரைக் காப்பாற்றிய ரெட்ஃபெர்னுக்குக் கிடைத்தது? தலைமை வைத்தியர் பதவி காலியானபோது அவருக்குத்தான் என்று கவர்னரே வாக்குக் கொடுத்திருந்தார். பழைய கைதி என்பதால் லண்டன் வேறு ஆளை அனுப்பிவிட்டது. நம் ஊர் ஆபீஸ்களில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த லீவுக்குக் கிரிபில்லியில் ஜெஃப்ரி தெருக் கடைசிக்குப் போங்கள். சர்ரி கப்பலின் காய்ச்சல்காரர்களை அந்தக் கரையில்தான் கூடாரம் போட்டுத் தனியாக வைத்தார்கள். இப்போது அங்கே நின்று எல்லோரும் ஓபரா ஹவுஸைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறார்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டு, பிறகு கொஞ்ச நேரம் உட்காருங்கள். புயலையும் சவுக்கையும் முதல் அத்தியாயத்தில் வைக்காதீர்கள், அதை எல்லோரும் எழுதுவார்கள். எலுமிச்சைச் சாற்றிலிருந்து தொடங்குங்கள். சர்க்கரை கலந்து கொடுப்பார்கள். கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டால் அதை விற்றுவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவனும் முன்னால் நின்று குடித்து முடிக்க வேண்டும் என்பது விதி.

பெரியப்பாவும் டி.பி. கைதிகளுக்கு எழுதிக்கொடுத்த பாலையும் முட்டையையும் அப்படித்தான் கொடுப்பார். இல்லையென்றால் பால் பீடியாக மாறிவிடும். “முழுங்கிட்டு வாயத் திற” என்பார். வீட்டில் எங்களுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கும்போதும் அதே வார்த்தை, அதே முகம். நீங்கள் வேலை பார்க்கிற இல்லத்தில் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறீர்களா, முழுங்குகிறவரை நிற்கிறீர்களா? பெரியப்பா இருந்திருந்தால் உங்களிடம் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

அன்புடன்,
அண்ணாச்சி