கோத்தகிரியில் எந்த டிஎன்எஸ் போடலாம்?

தம்பி, ஈப்போவிலிருந்து வந்து கோத்தகிரியில் வீடெடுத்து ஒரு மாதமாகிறது, எதைத் தட்டினாலும் சுற்றிக்கொண்டே நிற்கிறது, மலேசியாவில் போட்டிருந்த 1.1.1.1 என்ற டிஎன்எஸ் எண்ணை இங்கும் போட்டால் சரியாகுமா என்று கேட்டிருந்தீர்கள். பினாங்கை விட்டு நான் இங்கே வந்து பதினோரு வருஷம். வந்த புதிதில் நானும் யோசிக்காமல் பினாங்கில் போட்டிருந்த டிஎன்எஸ்ஸையே இங்கும் போட்டேன்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். பக்கம் நாலைந்து விநாடி வெறுமையாக நின்று, அப்புறம் மளமளவென்று வந்தால் டிஎன்எஸ்ஸாக இருக்கலாம். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய முகவரியான ஐபி எண்ணைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. வீடியோ பாதியில் திக்கினால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் தெரு ஃபைபர் எஸ்டேட் சில்வர் ஓக் மரங்களில் தொங்கிக்கொண்டு வருகிறது. ஐப்பசி மழையில் கிளை முறிந்தால் எந்த டிஎன்எஸ்ஸும் கைகொடுக்காது.

எனக்கு டிஎன்எஸ்தான் படுத்தியது. கேபிள்காரரின் சர்வர் சாயங்காலம் ஏழு மணியானால் மூச்சு வாங்கும்.

1.1.1.1 ஓர் ஊரில் இருக்கும் ஒரே இயந்திரம் அல்ல; பல நகரங்களில் அதே எண் பதில் சொல்லும். உங்கள் கேள்வி எந்த நகரத்துக்குப் போகிறது என்பது கேபிள்காரரின் லைன் போகும் வழியைப் பொறுத்தது. ஈப்போ கணக்கு இங்கே செல்லாது. 1.1.1.1, கூகுளின் 8.8.8.8 இரண்டுக்கும் பகலிலும் ராத்திரியிலும் பிங் அடித்து, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். என் வீட்டில் 8.8.8.8-க்கு 20 மில்லி செகண்ட், 1.1.1.1-க்கு 45. வேறு இணைப்பு வைத்திருக்கும் கீழ்வீட்டில் தலைகீழ்.

மாற்றுவதை ரவுட்டரிலேயே மாற்றுங்கள், வீடு முழுக்கப் பொருந்தும். பாஸ்வேர்ட் கேபிள்காரரிடம்தான் இருக்கும். டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். 8.8.8.8 போட்டால் இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.4.4. குவாட்9-இன் 9.9.9.9-க்குத் துணையாக மட்டும் கூகுளைப் போடாதீர்கள். அது தடுக்கும் மோசடித் தளம் இதன் வழியாக நுழைந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' எண்ணை ஏற்காது, பெயர்தான் கேட்கும்: டிஎன்எஸ் டாட் கூகுள் (dns.google).

டிஎன்எஸ்ஸை மாற்றினால் மலேசியச் சானல்கள் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், உங்கள் ஐபி இப்போது இந்திய ஐபி.

எதையும் தொடும் முன் பழைய செட்டிங்கைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. ஏதோ தவறாக அழுத்தி லைனே போய், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிவு என்று கேபிள்காரர் வர மூன்று நாளாயிற்று.