கச்சான் என்று கேட்காதீர்கள், வேர்க்கடலை என்று கேளுங்கள்

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வளசரவாக்கத்துக்கு வந்து ஒரு மாதம், நாலு வயது மகளுக்குக் கச்சான் அலர்ஜி, ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும், இங்கே யாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். என் மகனுக்கும் அதே அலர்ஜிதான்.

முதலில் சொல்லை மாற்றுங்கள். கொரோனாவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் மகனுக்கு வீட்டுச் சாப்பாடு மட்டும்தான். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தன. அந்த வாரமே ஆசையாகக் கேட்டானே என்று ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். "சட்னியில் கச்சான் இருக்கா தம்பி?" என்று கேட்டேன். "இல்லைங்கம்மா" என்றார். பத்து நிமிடத்தில் பிள்ளைக்கு உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் சொல்லே தெரியாது.

வெறுமனே கடலை என்றும் கேட்காதீர்கள். நமக்குக் கடலை என்றால் அவித்துத் தாளிக்கிற கொண்டைக்கடலை. இங்கே கடலை மிட்டாயும் கடலை எண்ணெயும் கச்சானில் செய்பவை. கடலை மாவும் பொட்டுக்கடலையும் அப்படியில்லை. வேர்க்கடலை என்று முழுதாகச் சொல்லுங்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துப் பள்ளி ஆயாக்களிடம் மல்லாட்டை என்றால் உடனே புரியும்.

ஓட்டல் சட்னி, புளியோதரை, எலுமிச்சை சாதம், மிக்சர், கோயில் பிரசாதம் எல்லாவற்றிலும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஊரில் பெரும்பாலும் தேங்காய் எண்ணெயோடு நின்றுவிடுவோம். இங்கே பொரிக்க, தாளிக்கக் கடலை எண்ணெய் சாதாரணம். நன்றாகச் சுத்திகரித்ததில் புரதம் அநேகமாக இருக்காது, மரச்செக்கு எண்ணெயில் தங்கிவிடும். நாங்கள் இரண்டையும் தொடுவதில்லை. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், அவ்வளவுதான். அலர்ஜி விவரம் தனியாக, சின்ன எழுத்தில் இருக்கும். அதைத் தேடி வாசியுங்கள்.

பள்ளியில் "ஒத்துக்காது" என்று மட்டும் சொன்னால், ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். "கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தா பழகிடும்" என்று அன்போடு சொல்பவர்களும் உண்டு. "சாப்பிட்டால் மூச்சுத் திணறும், உயிருக்கே ஆபத்து" என்று சொல்லுங்கள். கொரோனாவுக்கு அப்புறம் மூச்சுத் திணறல் என்றால் இங்கே யாரும் லேசாக எடுப்பதில்லை. மருத்துவர் கடிதத்தை டீச்சருக்குக் கொடுங்கள். ஆயாவிடமும் வேன் அண்ணாவிடமும் நேரில் பேசுங்கள். டப்பாவைப் பகிர்ந்து சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர் ஆயாதான்.

அலர்ஜியில் இப்படி மூச்சு முட்டினால் உடனே போடுகிற ஊசி மருந்து அட்ரினலின். அதைப் பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசுங்கள். பேனா மாதிரியான ஊசி இங்கே மருந்துக்கடைகளில் எளிதில் கிடைக்காது. எங்களுக்கு மருத்துவர் குப்பி மருந்தும் சிரிஞ்சும் எழுதித்தந்து, எவ்வளவு எடுப்பது, தொடையின் வெளிப்பக்கம் எப்படிப் போடுவது என்று பழக்கிவிட்டார். அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. ஊசி போட்டதும் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பிள்ளையைப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் உட்காரலாம், எழுந்து நடக்க விடாதீர்கள்.

துணைக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஊரடங்கில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. பள்ளி திறந்த பிறகு கேட் வாசலில் முட்டை அலர்ஜிப் பிள்ளையின் அம்மா ஒருவர், பால் அலர்ஜிக்காரி ஒருத்தியின் அம்மா ஒருவர் என்று பழக்கமானார்கள். பிறந்தநாள் வந்தால் என்ன கொடுப்பது என்று எங்களுக்குள் முதல்நாளே பேசிக்கொள்வோம். சனிக்கிழமை அவர்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். நீங்களும் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இட்லியும் தேங்காய்ச் சம்பலும்தான், வீட்டில் கச்சான் கிடையாது.