தனிப்பயிற்சி என்றால் என்ன? வகுப்பில் படிப்பதைவிட அதில் ஏன் பலன் அதிகம்?

ஒரு ஆசிரியர், ஒரே ஒரு மாணவர், நடுவில் ஒரு நோட்டு. அதுதான் தனிப்பயிற்சி. சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து வளர்ந்தவன் நான். இப்போது அங்கேயே கணக்கு சொல்லித் தருகிறேன்.

தவறு எங்கே பிறந்தது என்று உடனே கேட்க முடிகிறது, காரணம் அதுதான். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். வகுப்பில் என்றால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். "எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டேன். மேலே இருப்பதை மேலோடும், கீழே இருப்பதைக் கீழோடும் கூட்டியிருக்கிறான். "அரைத் தட்டுவடையோட இன்னொரு துண்டு வெச்சா, அரையைவிடக் கொறையுமா?" என்றேன். 2/5 பாதிக்கும் குறைவு என்று புரிந்ததும் அவனே சிரித்துவிட்டான். அப்புறம்தான் ஆறு சம பங்கு போட்டோம்: 3/6, 2/6, மொத்தம் 5/6.

வகுப்பு பஸ் மாதிரி, தனிப்பயிற்சி பைக் மாதிரி. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஒருவருக்குத் தலை சுற்றினால் வண்டி நிற்காது (ஓட்டுநரைக் குறை சொல்லவில்லை, ஐம்பது பேர் இருக்கிறார்களே). பைக்கில் போனால், வேண்டிய வளைவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கலாம்.

தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்று அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் இருந்தது.

படிப்பு வராத பிள்ளைகளுக்குத்தான் தனிப்பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். வேகமாகக் கணக்குப் போட்டு, எங்கோ ஒரு கழித்தல் குறியை விட்டுவிடும் முதல் ரேங்க் பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள்.