ராப் பாடகி குயீன் லத்தீஃபா ஜாஸும் பாடியிருக்கிறாரா?

பாடியிருக்கிறார், நன்றாகவே. நியூஜெர்சியின் நியூவர்க்கில் பிறந்தவர். இயற்பெயர் டேனா ஓவன்ஸ். 1989-இல் 'ஆல் ஹெய்ல் தி குயீன்' என்ற ராப் ஆல்பத்தோடு வந்தார். 1993-இன் 'பிளாக் ரெய்ன்' ஆல்பம், விபத்தில் இறந்த அண்ணனுக்குச் சமர்ப்பணம். பெண்களை இழிவாகப் பேசுவதைத் தட்டிக்கேட்கும் 'யுனிட்டி' பாட்டு அதில்தான் வந்தது. கிராமி விருதும் வாங்கியது.

ஜாஸ் பக்கம் திடீரென்று தாவிவிடவில்லை. 1998-இல் ஒரு படத்தில் ஜாஸ் பாடகியாகவே நடித்துப் பாடினார். அப்புறம் 2004-இல் பழைய ஜாஸ், சோல் பாடல்களைத் தொகுத்துப் பாடிய ஆல்பத்துக்குச் சொந்தப் பெயரையே வைத்தார்: 'தி டேனா ஓவன்ஸ் ஆல்பம்'. ராப் ரசிகர்கள் முகம் சுளித்தாலும் சரி என்ற துணிச்சல் அது, என்னைக் கேட்டால். 2007-இல் 'ட்ராவ்லின் லைட்'. முதலில் எதைக் கேட்பது என்றால், இதையே சொல்வேன்.